எனக்கு மட்டும் நிற்கும் வண்டி

ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன். அறையில் ஜன்னல் இருக்கிறது. வேலை பழகிவிட்டது. இந்த மூன்று வரியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். மீதி உங்களுக்கு.

வண்டி வழியில் நின்றுவிடுகிறது, அப்பா.

நீங்கள் துடைத்து லாரியில் ஏற்றி அனுப்பியபோது எப்படிப் பளபளவென்று இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. சீட் கவரை எங்கே தைத்தது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி திணறுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்னும் திணறுகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. ஓரமாகத் தள்ளிப்போய், பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். மறுபடியும் கொஞ்ச தூரம்.

என் வேலையை உங்களுக்குச் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. நீரேற்று நிலையங்களிலும் தெருக் குழாய்களிலும் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் ஐஸ் கரைந்துவிட்டால் அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பயனில்லை. கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி போக வேண்டும். போன வாரம் அப்படிக் கொட்ட வேண்டியதாயிற்று. மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என்னை இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. இந்தச் சுற்றுக்குப் பெண்ணை அனுப்புவது இதுதான் முதல் தடவையாம்.

கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய மெக்கானிக் கடைக்குப் போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார், உதைத்தார், இரண்டு தெரு சுற்றி வந்தார். “வண்டி தங்கமா இருக்கே. நீங்க ஓட்டுற விதத்துலதான் ஏதோ இருக்கு” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. தலையை ஆட்டினேன். பிளக் மாற்றினார். அதற்கும் தலையை ஆட்டினேன். மறுநாள் அதே நெடுஞ்சாலையில் நின்றேன்.

உங்கள் மெக்கானிக் சந்தில் யாரையாவது கேட்டு எழுதுங்கள். போன் வேண்டாம். வீட்டுக்காரம்மா போனைக் கூடத்தில் வைத்திருக்கிறார். நான் பேசினால் எல்லாரும் டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள்.

உங்கள் மகள்


ஜூன் 11

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. மூன்று வரி படித்துக் காட்டினேன். “மூணு வரிக்கு எதுக்கு நாலு பக்கம்?” என்று உன் அம்மா கேட்டாள். படிக்காதவளை ஏமாற்றலாம் என்று நீயும் நானும் நினைத்தால் நாம்தான் ஏமாளிகள்.

எனக்கு வண்டியின் சட்டைதான் தெரியும், வயிறு தெரியாது. இத்தனை வருஷம் மெக்கானிக்குகள் நடுவில் உட்கார்ந்து சீட் கவர் தைத்தும் இதுதான் என் படிப்பு. அதனால் உன் கடிதத்தைச் சந்துக்கு எடுத்துப் போனேன். நம் மெக்கானிக் டாக்டர், ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பானே, அவனிடம்தான் முதலில் கொடுத்தேன். படித்துவிட்டு, “கடுதாசி மேல ஸ்க்ரூடிரைவர் வெச்சா ஒண்ணும் கேக்கலியே” என்றான். பக்கத்துப் பட்டறை அவசரக்காரன், நான் பாதி படிப்பதற்குள் கார்புரேட்டர் என்றான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அந்த ஊர் பெட்ரோலே கலப்படம் என்றார். அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை. உன் அண்ணன், நீ கிளட்சை விடாமல் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறாய் என்கிறான். உனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவனே அவன்தான் என்று ஞாபகப்படுத்தினேன்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே. நெடுஞ்சாலையில் நீ தனியாக நிற்பதாக எழுதிய இடத்திலேயே என் மனசும் நிற்கிறது. ஊசி கோணலாக ஓடுகிறது. நேற்று ஒரு சீட்டைப் பிரித்துத் தைத்தேன்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்யச் சொல்லு. இந்த மாதம் முடிவதற்குள் சரியாகவில்லை என்றால் அண்ணனை அனுப்புகிறேன். வண்டியை ஏற்றிக்கொண்டு அவனோடு நீயும் வந்துவிடு. இங்கே பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். நடந்தே போய் வரலாம்.

அப்பா


ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணனை இப்போது அனுப்ப வேண்டாம். இன்னும் நாள் இருக்கிறது.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாயிற்று. இந்தத் தடவை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடை. அந்த மெக்கானிக் என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே பேசுகிறார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மறுநாளும் நின்றது. திரும்பப் போனேன். அவரும் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தார், உதைத்தார். கிளம்பியது. அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டார், நின்றபடியே. அணையவே இல்லை.

“இன்ஜினைப் பிரிச்சுடுவோம்” என்றார். “சிலிண்டர் போர் தேஞ்சு போயிருக்கும்.”

“ஓடுதே” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

“ஓடுறப்பவே பிரிச்சாதான் நல்லது.”

எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. “அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“அப்பா எங்க இருக்காரு?”

“ஊர்ல.”

“ஊர்ல இருந்துக்கிட்டே சத்தம் கேப்பாரா?” என்று சிரித்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மெக்கானிக் முன்னால் ஒரு தடவைகூட நிற்பதில்லை, அப்பா. எனக்கு மட்டும் நிற்கிறது. பொய் சொல்கிற பெண் என்று நினைத்துவிடுவார்களோ என்று இருக்கிறது. அதனால் எதெல்லாம் நடக்கிறது என்று கவனித்துப் பார்த்தேன். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மழை நாளிலும் நிற்கிறது. வீட்டுக்காரம்மாவின் மகன் டேங்கை நிறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றான். நிறைத்தேன். முன்னைவிடச் சீக்கிரம் நின்றது. பெட்ரோல் குறைவாக இருந்தால் அதிக தூரம் ஓடுகிறது. இது எந்த ஊர் நியாயம்? இன்னொன்று, நின்ற பிறகு மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று பெருமூச்சு விடுகிறது. டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடவையும் தண்ணீரைக் கொட்டினேன். சமாளித்துவிட்டேன்.

உங்கள் மகள்


ஜூன் 20

அன்பு மகளுக்கு,

இன்ஜினைத் தொடவிடாதே. பிரித்தவன் திரும்பச் சேர்ப்பான் என்று என்ன நிச்சயம்? முகம் தெரியாத ஊரில் வயிற்றைக் கிழிக்கக் கொடுக்கக் கூடாது. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று சொல். என் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதில் ஒன்றும் தப்பில்லை. அதற்குத்தானே அப்பா.

டாக்டரிடம் படித்துக் காட்டினேன். டேங்க் நிறைந்தால் சீக்கிரம் நிற்கிறது என்ற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் காதைச் சொறிந்தான். “மறுபடி படி” என்றான். படித்தேன். “உஸ்ஸுங்கறது சூட்டுல கிளம்புற ஆவி. அது எல்லா வண்டியிலயும் வரும். இன்னொண்ணு மட்டும் புரியல. கொண்டாந்து காட்டினா சொல்லுவேன்” என்றான். அவசரக்காரனோ, “படிச்ச புள்ள, ரொம்ப யோசிக்குது. வண்டி அது பாட்டுக்கு ஓடும்” என்றான்.

முடிவு செய்துவிட்டேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவான். லீவு கேட்டிருக்கிறான். வண்டி நம் சந்துக்கு வரட்டும். நீயும் வா. வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன்.

நீ சமாளித்துவிட்டதாக எழுதியதைக் கேட்டு அம்மாவுக்குச் சந்தோஷம். இந்தத் தடவை முழுவதும் படித்துக் காட்டினேன்.

அப்பா


ஜூன் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணன் வர வேண்டாம். வண்டி சரியாகிவிட்டது.

நிஜமாகச் சரியாகிவிட்டது. மூன்று நாளாக எல்லா நிலையங்களுக்கும் போய் வந்தேன். நிற்கவே இல்லை. நேற்று ஐஸ் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் கட்டியின் முனைகூட மழுங்கவில்லை. மேலதிகாரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போனார். பாராட்டு என்று வைத்துக்கொண்டேன்.

மரக்கடைத் தெருவில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். அவர் அதிகம் பேசமாட்டார். நம்பிக்கையானவர். பெட்ரோல் இறங்கும் வழியில் ஏதோ அடைப்பு இருந்ததாம். எடுத்துவிட்டார். அவ்வளவுதான். இன்ஜினைத் தொடவே இல்லை.

லீவை அண்ணன் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளட்டும். அண்ணியிடமும் உங்கள் பேத்திக் குட்டியிடமும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் ஊசி இனி நேராக ஓடட்டும்.

உங்கள் மகள்


ஜூன் 30

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைச் சந்து முழுக்கப் படித்துக் காட்டினேன். அடைப்பு என்றதும் அவசரக்காரன், “நான் அன்னிக்கே கார்புரேட்டர்னு சொன்னேனா இல்லியா” என்று எல்லாருக்கும் என் கணக்கில் டீ வாங்கிக் கொடுத்தான். டாக்டர் மட்டும், “கார்புரேட்டர்னா டேங்க் நெறைஞ்சா ஏன் சீக்கிரம் நிக்கணும்?” என்று முணுமுணுத்துக்கொண்டே குடித்தான். தோற்றுப்போனவன் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் லீவை ரத்து செய்துவிட்டான்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கும் வண்டி வேலை கொஞ்சம் தெரியும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டாமா? உன் வண்டியை அனுப்புவதற்கு முன் கழுவினேன் அல்லவா, அப்போது பெட்ரோல் மூடியின் அடியில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்தேன். பழைய வண்டி, மூடி பழுது. மழையில் நீ ஓட்டும்போது அது வழியாகத் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும்? சீட்டுக்கு அடியில் போடும் கறுப்பு ரப்பரில் வட்டமாக ஒன்று அறுத்து, நம் பசை போட்டு உள்ளே ஒட்டிவிட்டேன். சொட்டுத் தண்ணீர் இறங்காது. நீ மழையில் ஓட்டியதாக எழுதியபோது எனக்குள்ளே ஒரு நிம்மதி.

வேடிக்கை என்னவென்றால், நேற்று அண்ணன் வண்டியைப் பார்த்தேன். அதிலும் அதே ஓட்டை. மழைக்காலம் வேறு. குட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு ஆற்றுப் பாலம் வழியாகத்தானே கூட்டிப் போகிறான். பாலத்தில் லாரிகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகும்போது, டேங்கில் தண்ணீர் இறங்கி வண்டி நின்றுவிட்டால்? அவனுக்கும் ஒட்டிவிட்டேன். ரொட்டிக் கடைக்காரர் பார்த்துவிட்டு அவருக்கும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டித் தருகிறேன் என்றிருக்கிறேன்.

அப்பா


ஜூலை 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இது உங்கள் கைக்கு வருவதற்குள் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களைத்தான் கேட்டேன். ரெக்சின் வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் போனை வாங்கினார். எனக்குக் காத்திருக்கத் தைரியம் இல்லை. “அண்ணன் வண்டி பெட்ரோல் மூடியில அப்பா ரப்பர் ஒட்டியிருக்காரு. உடனே எடுத்துடுங்க. அந்த ஓட்டைய அடைக்கக் கூடாது. பாலத்துல நின்னுடும்” என்றேன். லைன் சரியில்லை. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் எல்லாரும் கேட்டார்கள். டாக்டர், “அதானா” என்றார். போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ ஏதோ சொன்னார். சிரிப்புச் சத்தம் கேட்டது. உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

நீங்கள் திரும்பி வந்து சந்துக்குள் நுழையும்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும், உங்களைத் தவிர.

நடந்ததை இப்போது முழுவதும் எழுதுகிறேன்.

மரக்கடைத் தெரு மெக்கானிக், நான் சொன்னதையெல்லாம் கேட்டார். டேங்க் நிறைந்தால் சீக்கிரம் நிற்பதைச் சொன்னதும் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். ஆனால், “எனக்குத் தெரியலைம்மா” என்றார். அவர் மனைவி உள்ளே இருந்து, “இப்படிச் சொல்லாதன்னு எத்தனை தடவ சொல்றது. அதான் கடை காத்தாடுது” என்றார். மெக்கானிக் காதில் வாங்கவில்லை. “நிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும். டேங்கை நெறச்சுக்கிட்டு நீங்க போங்க. நான் பின்னாடியே வரேன். நின்னா எதையும் தொடாதீங்க.” அதுவரை எல்லா மெக்கானிக்கும் எனக்குத் தெரியும் என்றே சொன்னார்கள். தெரியவில்லை என்றவரை ஏனோ நம்பினேன்.

நெடுஞ்சாலையில் நின்றது. பழக்கதோஷத்தில் என் கை பெட்ரோல் மூடிக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து, “கையை எடுங்க” என்று ஒரு அதட்டல். பேசவே பேசாதவர்.

பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தார். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து மூடியின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸென்றது. டிக்கெட் வெளியே பறக்கும் என்று நினைத்தேன். அது உள்பக்கமாக இழுபட்டு மூடியோடு ஒட்டிக்கொண்டது.

“இது பெருமூச்சு விடலைம்மா. மூச்சு இழுக்குது” என்றார்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சரியாக இறங்காதே, மேலே இன்னொரு ஓட்டை போடுவார்களே, அதே கதைதான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக வைத்த ஓட்டைதான் அது. அடைத்தால் பெட்ரோல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே இல்லாததால் இன்னும் சீக்கிரம். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். எந்த மெக்கானிக்கும் முதல் வேலையாக மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். அதிலேயே வண்டிக்கு மூச்சு வந்துவிடும். அதனால்தான் யார் முன்னாலும் அது நிற்கவில்லை.

மூடியின் அடியிலிருந்து அவர் பெயர்த்தெடுத்த ரப்பர் என் உள்ளங்கையில் இருந்தது. “என்ன நேர்த்தியா அறுத்திருக்கான் பாருங்க. கத்தி பிடிச்ச கை” என்றார். அந்தப் பசையின் வாசனை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துக்கு என் சீருடையே அந்த வாசனையோடுதான் போகும். “யாரு வெச்சதுன்னு தெரியல” என்று அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் ஏதோ அடைப்பு என்று எழுதிவிட்டேன்.

உங்கள் மனசு நோகக் கூடாது என்றுதான். அதோடு, நீங்கள் செய்த எதையும் இதுவரை நான் தப்பு என்று சொன்னதில்லை. சொல்லிப் பழகியிருந்தால் தெரிந்திருக்கும்.

குட்டி எப்படி இருக்கிறாள் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 13

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். போன் செய்தால் கடையில் எடுப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. அன்று கூப்பிட்டேனே, அந்தத் தைரியம் அன்றைக்கு மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது.

கோபமாக இருந்தால் கோபம் என்று ஒரு வரி எழுதுங்கள். குட்டியைப் பற்றி ஒரு வரி. போதும்.

உங்கள் மகள்


ஜூலை 17

மகளுக்கு,

குட்டி நன்றாக இருக்கிறாள். கோபமாகத்தான் இருக்கிறேன்.

அன்று ரெக்சின் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் வந்தேன். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவசரக்காரன்தான் ஆரம்பித்தான். “வாங்க அடைப்புக்காரரே” என்றான். இப்போது அதுதான் என் பேர். ரொட்டிக் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். டாக்டர் சிரிக்கவில்லை. என் தோளில் இருந்த சுருளை இறக்கி வைத்துவிட்டு, உன் போன் விஷயத்தைச் சொன்னான்.

ஆள் போவதற்குள் அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து குட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்றுதான் டேங்கை நிறைத்திருந்தானாம், பாலத்தில் ஏறுகிற மேட்டிலேயே வண்டி நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பாலத்தின் நடுவில் நின்றிருக்கும். அவளைச் சீட்டில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். அவளுக்கு ஊர்வலம் போன மாதிரி ஒரே குஷி. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ரப்பரை என் கத்தியாலேயே எடுத்தேன்.

சந்து சிரிப்பது எனக்குப் பெரிதில்லை. நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வேறொன்றுதான் உள்ளே கிடந்து அறுக்கிறது. நான் தைத்த உறை கோணலாக இருந்தால் வாடிக்கைக்காரன் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். “சரி, குடுங்க” என்று வாங்கிப் பிரித்துத் தைக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஊசியைத் தூக்கி எறிந்ததில்லை. ஊர் பேர் தெரியாதவனெல்லாம் என்னிடம் சொல்லலாம் என்று நினைக்கிறான். என் மகள் நினைக்கவில்லை. நீ அந்த ஜூன் மாதக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால், நான் என் கையாலேயே என் பேத்தி போகும் வண்டியை அடைத்திருப்பேனா?

உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை என்று இருக்கிறது. சமாளித்துவிட்டேன் என்று இருக்கிறது. சௌகரியம் என்று இருக்கிறது. இதில் எது நடந்தது, எது எனக்காக எழுதியது என்று தெரியவில்லை. எல்லா வரியும் இப்போது ஒரே மாதிரி தெரிகிறது.

உண்மையை எழுது. படித்துவிட்டு அண்ணனை அனுப்புவதா என்று முடிவு செய்கிறேன்.

அப்பா


ஜூலை 23

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதுகிறேன்.

முதல் தடவை தண்ணீரைக் கொட்டியபோது மேலதிகாரி எல்லார் முன்னாலும், “பொம்பளப் புள்ளைய இந்த வேலைக்கு எடுத்ததே தப்பு” என்றார். இரண்டாவது தடவை ஒன்றும் சொல்லாமல் என் பேரை அடுத்த வாரச் சுற்றிலிருந்து அடித்தார், பிறகு ஆள் இல்லாததால் மறுபடி எழுதினார். நான் பாட்டில் கழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சமாளித்தேன் என்று எழுதியது அதைத்தான். என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டித் தொடலாம். இரவில் வீட்டுக்காரம்மாவின் சமையலறைக்குப் போகக் கூச்சமாக இருப்பதால் பல நாள் பன்னும் பாலும்தான். மேட்டு நீரேற்று நிலையத்தில் நாய்கள் இருக்கின்றன. வண்டி அங்கே போனாலே துரத்துகின்றன. மதியம் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு அக்காக்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள். நான் தனியாகச் சாப்பிடுவேன். எப்படிப் போய் உட்காருவது என்று தெரியவில்லை. போன வாரம் அவர்களில் ஒருவர் பஸ் நிறுத்தம் வரை வண்டியில் விடச் சொல்லிக் கேட்டார். அவ்வளவுதான் முன்னேற்றம். நிரந்தரம் ஆக்குவார்களா என்று கேட்டேன். “பாப்போம்” என்றார் மேலதிகாரி. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனாலும் அந்த நெடுஞ்சாலை வரும்போதெல்லாம் என் காது அதன் சத்தத்திலேயே இருக்கிறது.

இது எல்லாமே நடந்தது. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. போன வாரம் நான் கொண்டுவந்த ஒரு பாட்டிலில் கிருமி இருந்தது. ஐஸ் கரையாமல் வந்ததால் அது தெரிந்தது. அன்றைக்கே அந்தத் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். மறுநாள் அந்த வழியாகப் போனேன். குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், வழக்கம் போல. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இங்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் வரவில்லை. பள்ளிக்கூட வேலையும் வேண்டாம். அண்ணனை அனுப்பாதீர்கள் என்று உங்களைக் கேட்கவில்லை, அப்பா. வேண்டாம் என்று சொல்கிறேன்.

நீங்கள் ஒட்டிய ரப்பர் தப்பு. அதை நான் மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு.

உங்கள் மகள்


ஜூலை 29

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. தையலை நிறுத்திவிட்டுப் படித்தேன். மறுபடி ஒரு தடவை படித்தேன். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது அது பாட்டுக்குப் போகும்.

அண்ணனிடம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு உன்னிடம் வரத்தான் ஆசை. வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளி வந்ததைவிட அது தேவலையாம்.

அம்மா எழுதச் சொன்னது: கூச்சப்பட்டால் வயிறு நிறையாது, சமையலறைக்குப் போய்ச் சாப்பிடு. நான் எழுதுவது: நாய் துரத்தினால் காலைத் தூக்காதே, ஆக்சிலேட்டரையும் முறுக்காதே. மெதுவாகப் போ. வண்டியை நிறுத்திவிட்டால் நாயும் நின்றுவிடும். இதையும் யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இல்லை.

நேற்று டாக்டர் கேட்டான், “மக எப்படி இருக்கா?” என்று. எப்போதும், ராணி மாதிரி இருக்கா என்பேன். அவனும் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான்.

“கஷ்டப்படுறா. அங்கயே இருக்கா” என்றேன்.

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “உக்காரு, சொல்லு” என்றான்.

அப்பா